சாம்பலுக்கு அடியில் வெள்ளை

கப்பல் மாடல் செய்கிறவர்களுக்குத் துரு மேல் ஒரு தீராத மோகம். கிட்டை, அதாவது பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை, ஒட்டி, பெயின்ட் அடித்து, டெக்கல் என்கிற ஒட்டுப்படங்களைப் போட்டு முடித்த பிறகும் கை சும்மா இருக்காது. பழுப்பும் ஆரஞ்சுமாக நான்கு புட்டிகளைத் திறந்துவைத்துக்கொண்டு நங்கூரத்துக்குக் கீழே ஒரு கோடு, ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழேயும் ஒரு கோடு, தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்கெல்லாம் ஒரு கோடு என்று இழுத்துக்கொண்டே போவார்கள். கடைசியில் அது மன்னர் பார்வையிட வரிசையில் நிறுத்திய போர்க்கப்பலாக இருந்தாலும் சரி, அட்லாண்டிக்கில் வருடக்கணக்கில் அலைந்த சரக்குக் கப்பலாக இருந்தாலும் சரி, குஜராத்தின் அலாங் கரையில் உடைக்க ஏற்றிவிட்ட கப்பலாகத்தான் தெரியும். கைத்திறமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் செய்கிற கப்பல் எந்தத் தேதியில் நிற்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

எனக்கு அந்தத் தேதி முதலிலேயே முடிவாகிவிட்டது. 1914 செப்டம்பர் 22, இரவு. கப்பல் எம்டன். சென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை: இரவு ஒன்பதரை மணி வாக்கில் விளக்குகளை அணைத்துக்கொண்டு துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, சர்ச்லைட்டைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் சுட்ட ஜெர்மன் கப்பல். சுமார் 125 குண்டுகள். தொட்டிகள் எரிந்தன, கப்பல் போய்விட்டது. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. அந்தப் பெயர் நம் பேச்சில் நுழைந்த கதையைப் பலரும் எழுதியாகிவிட்டது, அதனால் அதை விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டியது அந்தக் கப்பலின் பக்கவாட்டுத் தகடு மட்டும். அன்றைக்கு அது எப்படி இருந்திருக்கும்?

கிட் ரெவெல் நிறுவனத்தினுடையது, 1/350 அளவு. நிஜக் கப்பல் 118 மீட்டர் நீளம், மாடல் 34 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் அதைவிட நாலு விரல்கடை நீளம் இல்லை. இந்த அளவைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் வெதரிங்கில், அதாவது வெயிலும் கடலும் பட்ட அழுக்கையும் தேய்மானத்தையும் மாடலில் காட்டும் வேலையில், நடக்கும் முக்கால்வாசி அபத்தங்கள் இதை மறப்பதால்தான் வருகின்றன.

முதலில் கப்பலின் ஜாதகம். எம்டன் டான்சிக் கப்பல் தளத்தில் கட்டப்பட்டது. 1908 மே மாதம் கடலில் இறக்கினார்கள், 1909 ஜூலையில் கடற்படையில் சேர்ந்தது. 1910-இல் சீனக் கடலோரத்தில் ஜெர்மனி வைத்திருந்த சிங்டாவ் தளத்துக்குக் கிளம்பியது, அப்புறம் ஜெர்மனிக்குத் திரும்பவேயில்லை. அந்தக் காலத்தில் வெப்ப நாடுகளில் நிறுத்திவைத்த ஜெர்மன் கப்பல்களுக்கு உடல் முழுக்க வெள்ளை, மேல்கட்டுமானத்துக்கும் புகைபோக்கிகளுக்கும் காவி கலந்த மஞ்சள். எம்டனைக் கிழக்கின் அன்னம் என்று சொன்னதற்கு அதன் வடிவம் ஒரு காரணம், இந்த வெள்ளை இன்னொரு காரணம். 1914-இல் போர் தலைக்கு மேல் வந்துவிட்டது என்று தெரிந்ததும் அவசரமாகச் சாம்பல் நிறம் பூசிக்கொண்டு வெளியே கிளம்பினார்கள்.

ஆக, சென்னைக்கு வந்த இரவில் அந்தச் சாம்பல் பெயின்டுக்கு இரண்டு மாத வயதுகூட ஆகவில்லை. அதற்கு அடியில் நான்கு வருடமாக ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசிய, நன்றாகப் பராமரித்த, அமைதிக்கால வெள்ளை. இது புரிந்துவிட்டால் வெதரிங்கில் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பெயின்ட் உரிந்த இடத்தில் வெறும் இரும்பு தெரியாது, துருவும் தெரியாது. வெள்ளை தெரியும். புகைபோக்கியில் உரிந்தால் மஞ்சள் தெரியும்.

நான் பார்த்த எம்டன் மாடல்களில் இப்படிச் செய்தவை மிகக் குறைவு. பெரும்பாலும் சாம்பல், சாம்பலுக்கு மேல் துரு. காரணமும் புரிகிறது: எல்லோரும் பார்க்கிற புகைப்படங்கள் நவம்பர் 9-க்குப் பிறகு எடுத்தவை. கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பலோடு சண்டையிட்டு, அடிவாங்கி, தீப்பிடித்து, வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏறி நின்ற எம்டன். தீயில் பெயின்ட் பொசுங்கிவிட்ட இரும்பு மறுநாளே துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும், அதிலும் அலை அடித்துக்கொண்டிருக்கும் பாறையில். அந்தப் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு செப்டம்பர் மாதக் கப்பலுக்குப் பெயின்ட் அடிப்பது, பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துக் கல்யாணப் போட்டோவுக்கு மேக்கப் போடுகிற வேலை.

போருக்கு முந்தைய படங்களும் முழுசாகக் கைகொடுப்பதில்லை. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகள் பெரும்பாலும் ஆர்த்தோகுரோமேட்டிக் வகை, சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகப் பதியும், நீலம் வெளுத்துப்போகும். அதனால் நீலச்சாயல் உள்ள சாம்பல் படத்தில் நிஜத்தைவிட வெளிராகவும், காவி மஞ்சள் நிஜத்தைவிட இருண்டும் தெரியும். படத்தில் இருக்கும் சாம்பலைக் கணினியில் சொட்டுமருந்துக் குழாய் மாதிரியான கருவியால் உறிஞ்சி, இதுதான் நிறம் என்று அடித்துச் சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. தவிர, அது இரவு. கடற்கரையில் நின்ற யாரும் நிறத்தைப் பார்த்து எழுதிவைக்கவில்லை.

நான் கலந்தது டமியா என்ற மாடல் பெயின்ட் கம்பெனியின் எக்ஸ்எஃப்-53 நியூட்ரல் சாம்பலோடு பாதிக்கு மேல் எக்ஸ்எஃப்-19 வெளிர் சாம்பல், அதில் கொஞ்சம் வெள்ளை. வெள்ளை ஏன் என்றால் தூரம். மாடலை முகத்திலிருந்து அரை மீட்டர் தள்ளிவைத்துப் பார்க்கிறோம், நிஜ அளவில் அது 175 மீட்டர். அவ்வளவு தூரத்தில் இருக்கும் எந்த நிறமும் காற்றில் கொஞ்சம் வெளுத்துத்தான் கண்ணுக்கு வரும். புட்டியிலிருந்து எடுத்த நிறத்தை அப்படியே அடித்தால் கப்பல் கனமாக, சின்னதாக, பொம்மையாகத் தெரியும். இதற்கு ஃபார்முலா வைத்திருப்பவர்கள் உண்டு. நான் கண்ணை நம்புகிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். கப்பலின் உடலைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவைத்து, சாம்பல் ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடித்தாயிற்று. அடுத்தது வெள்ளை, நீர்க்கோட்டுக்கு மேலே முழுக்க. இந்த வெள்ளை மட்டும் லாக்கர் வகையாக இருக்க வேண்டும், ஏனென்றால் பிறகு தண்ணீரும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்க்கும்போது மேலே இருப்பது மட்டும்தான் போக வேண்டும், இது அசையக் கூடாது. லாக்கர் அடிக்க நாள் பார்க்க வேண்டும். சென்னையின் நவம்பர் ஈரத்தில் அடித்தால் காற்றின் ஈரம் பெயின்டில் படிந்து சாம்பல் பூத்தாற்போல ஆகிவிடும். வெள்ளையில் அது தெரியாது என்று நினைக்க வேண்டாம், சொரசொரப்பு கையில் தட்டுப்படும். கம்ப்ரசரில் ஈரம் பிடிக்கும் குடுவை இல்லாதவர்கள் மழை விடும்வரை வேறு வேலை பார்ப்பது நல்லது. இன்னொன்று, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரைப் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள், பிளாஸ்டிக் கரைந்துவிடும்.

வெள்ளை நன்றாகக் காய்ந்ததும் ஹேர் ஸ்பிரே. பிறகு தண்ணீர் பட்டால் இது கரைந்து, மேலே அடித்த சாம்பலை விட்டுவிடும். ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் எதுவும் சரிதான், விலை குறைந்தது இன்னும் நல்லது. இரண்டு மெல்லிய பூச்சு, எல்லா இடத்திலும் வேண்டாம். எங்கே உரியப்போகிறதோ அங்கே மட்டும். அது காய்ந்ததும் சாம்பல் அக்ரிலிக்கை அதன் சொந்தத் தின்னரில் கலந்து, காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷால் அடிக்க வேண்டும். லாக்கர் தின்னரில் கலந்தால் கெட்டியாகக் கடித்துக்கொள்ளும், உரியாது. அழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும், பால் போல நீர்த்த கலவை, கையை நிறுத்தாமல் மெல்லிய பூச்சுகளாக. நான் முதல் பூச்சை ஒரே சீராக அடிப்பதில்லை. தகடு தகடாக, ஒன்றில் ஒரு சொட்டு வெள்ளை கூட, ஒன்றில் ஒரு சொட்டு கறுப்பு கூட என்று மாற்றி அடித்துவிட்டு, கடைசியில் அடிப்படை நிறத்தை மூடுபனி மாதிரி மேலே ஒரு தடவை ஓட்டினால் வித்தியாசம் இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு அடங்கிவிடும்.

தகடுக் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. நிஜக் கப்பலில் ஒரு தகடு இன்னொன்றின் மேல் ஏறி நிற்பது பத்து மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மாடலில் அது ஒரு மில்லிமீட்டரில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஒரு பெயின்ட் பூச்சின் தடிமன்தான். அதைக் கத்தியால் கீறிக் கறுப்பு மையை ஊற்றினால், நிஜ அளவில் ஒரு ஆள் கால் வைத்து ஏறக்கூடிய பள்ளம். நிற வித்தியாசம் போதும், கண் தானாகத் தகடுகளைப் பார்த்துக்கொள்ளும்.

இப்போது உரிப்பது. எங்கே உரியும் என்பதைக் கப்பலின் அன்றாடம் சொல்லும். செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து எம்டன் வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மறித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் படகை இறக்க வேண்டும், ஆட்களை அனுப்ப வேண்டும், அந்தக் கப்பலில் இருப்பவர்களைப் பத்திரமாக ஏற்றிக்கொள்ள வேண்டும், படகைத் திரும்ப மேலே இழுக்க வேண்டும். கடல் ஆடிக்கொண்டிருக்கும்போது இறங்கி ஏறும் படகு கப்பலின் பக்கத்தில் மோதாமல் இருக்காது. படகுகள் தொங்கும் இடத்துக்கு நேர் கீழே, செங்குத்தாக, உரசல்கள். சிறைபிடித்த கப்பல்களில் ஒன்றான இண்டஸில் பெட்டி பெட்டியாகச் சோப்பு கிடைத்தது, எம்டனில் சோப்புக்குப் பஞ்சம், மொத்தமாக அள்ளிக்கொண்டார்கள். அந்தப் பெட்டிகளும் இந்த வழியாகத்தானே வந்திருக்கும்!

அதைவிடப் பெரிய உரசல் நிலக்கரி ஏற்றும்போது. துறைமுகம் கிடையாது, தளம் கிடையாது. கூடவே வந்த மார்க்கோமானியா போன்ற கரிக்கப்பலை நடுக்கடலில் பக்கத்தில் கட்டி நிறுத்திக்கொண்டு மூட்டை மூட்டையாக மாற்ற வேண்டும். நீண்ட அலையில் இரண்டு கப்பல்களும் ஒன்றை ஒன்று இடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும், நடுவில் என்ன மெத்தையைத் தொங்கவிட்டாலும். இந்தத் தேய்ப்பு படகின் உரசலைப் போலச் செங்குத்தாக மட்டும் இருக்காது, முன்னும் பின்னும் ஆடுவதால் சாய்வாகவும் படுக்கையாகவும் இருக்கும். கப்பலின் நடுப்பகுதியில், பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் பீரங்கி மேடைகளின் விளிம்பில், டெக் விளிம்புக்குச் சற்றுக் கீழே.

வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு பழைய பிரஷ்ஷால் தொட்டு, அந்த இடத்தை நனைத்து ஒரு நிமிடம் விட வேண்டும். பிறகு முடி குட்டையாக வெட்டிய பிரஷ்ஷின் நுனியால் மெல்லத் தட்டினால் சாம்பல் முதலில் மங்கும், அப்புறம் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப்புள்ளி எட்டிப்பார்க்கும். அங்கேயே நிறுத்திவிட்டுக் கணக்குப் பாருங்கள். மாடலில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 35 சென்டிமீட்டர். ஊசிமுனைப் புள்ளியே ஒரு உள்ளங்கை அகலம். இன்னும் இரண்டு தட்டு தட்டினால் தலைப்பாகை அளவுக்கு ஓட்டை. பூதக்கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்வதில் இதுதான் ஆபத்து, உள்ளே எல்லாம் அழகாகத் தெரியும், கண்ணாடியைக் கழற்றினால் கப்பலுக்கு அம்மை போட்டிருக்கும். பூதக்கண்ணாடி இல்லாமல் பார்த்து, இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் அது சரியான அளவு.

நீர்க்கோட்டுக்குக் கீழே செம்பழுப்பு, எக்ஸ்எஃப்-9. பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க அக்காலத்துப் பூச்சுகளில் தாமிரம், பாதரசம் போன்ற விஷச் சேர்மங்களைக் கலப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் கரைந்துகொண்டே இருப்பதுதான் அதன் வேலை, அதனால் இந்தப் பகுதி ஒருபோதும் ஒரே சீரான நிறத்தில் இருக்காது. மேல் நிறத்துக்கும் கீழ் நிறத்துக்கும் நடுவில் கோடு போட, கப்பலைத் தட்டையான பலகையில் ஆடாமல் நிறுத்தி, பென்சிலை ஒரு கட்டையில் சரியான உயரத்தில் கட்டி, கட்டையைச் சுற்றி நகர்த்தினால் போதும். மாஸ்கிங் டேப்பை முழு அகலத்தில் ஒட்டாமல் இரண்டு மில்லிமீட்டர் பட்டையாகக் கிழித்து ஒட்டுங்கள், முன்பக்க வளைவில் மடங்காமல் போகும்.

இனி இந்தப் பதிவில் நான் சொல்ல வந்த முக்கிய விஷயம், கரி. எம்டனில் பன்னிரண்டு கொதிகலன்கள், எல்லாம் நிலக்கரியில் ஓடுபவை. அந்தக் கப்பலின் அழுக்குக்கு மூலப்பொருள் கரியும் சாம்பலும்தான், துரு மூன்றாவது இடத்தில்கூட இல்லை. கரி ஏற்றும் நாளில் கப்பல் முழுக்கக் கறுப்புத் தூசி படியும். அடுக்க இடமில்லாமல் டெக்கிலேயே குவித்துவைப்பதும் உண்டு. வேலை முடிந்ததும் குழாய் வைத்து டெக்கைக் கழுவுவார்கள். அந்தக் கறுப்புத் தண்ணீர் எங்கே போகும்? டெக் ஓரத்து வடிகால் ஓட்டைகள் வழியாகப் பக்கவாட்டில் வழியும். கொதிகலன் அறையிலிருந்து அள்ளிய சாம்பலையும் கடலில்தான் கொட்ட வேண்டும், அது விழும் இடத்துக்குக் கீழே வெளிறிய, பால்போன்ற கறை. ஆகவே எம்டனின் உடலில் வழியும் கோடுகள் நடுப்பகுதியில் அடர்த்தியாக, கறுப்பும் வெளிர்சாம்பலுமாக இருக்க வேண்டும். ஆரஞ்சு வேண்டாம்.

இதற்கு நான் பயன்படுத்துவது சாதாரண கேமல் ஆயில் கலர், ஸ்டேஷனரி கடையில் கிடைப்பது. விளக்குக்கரிக் கறுப்பு, ரா அம்பர் என்ற மண்பழுப்பு, வெள்ளை, இந்த மூன்று. டியூபிலிருந்து பிதுக்கி ஒரு அட்டைத் துண்டில் வைத்துச் சில மணி நேரம் விட்டால் ஆளி எண்ணெயை அட்டை உறிஞ்சிவிடும். பிறகு சீக்கிரம் காயும், பளபளப்பும் இருக்காது. அதற்கு முன் கப்பலுக்கு மேல் பளபளப்பான, நிறமற்ற கிளியர் ஒரு பூச்சு அடித்திருக்க வேண்டும். பளபளப்பில்லாத மேட் பரப்பில் ஆயில் கலர் வைத்தால் ஊறிக்கொண்டு நகராது, எவ்வளவு துடைத்தாலும் கறை நிற்கும்.

மிக மெல்லிய பிரஷ்ஷால் வடிகால் ஓட்டையில் ஒரு புள்ளி. கோடு வேண்டாம், புள்ளி மட்டும். பத்து நிமிடம் கழித்து, தட்டையான பிரஷ்ஷை டர்பன்டைனில் நனைத்து, துணியில் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்துவிட்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பிரஷ் ஈரமாக இருந்தால் கழுவிக்கொண்டு போய்விடும், சுத்தமாகக் காய்ந்திருந்தால் கீறும். சரியான பதத்தில் இழுத்தால் மேலே கொஞ்சம் அடர்த்தி, கீழே போகப் போக ஒன்றுமில்லை. அடுத்த ஓட்டைக்கு அதே நீளத்தில் இழுக்காதீர்கள். டெக் மட்டமாக இருப்பதில்லை, தண்ணீர் தாழ்ந்த பக்கம்தான் அதிகம் ஓடும், அதனால் நடுவில் நாலு ஓட்டைகளில் ஒன்றிரண்டு அழுக்காகவும் மற்றவை கிட்டத்தட்டச் சுத்தமாகவும் இருக்கும். வட்ட ஜன்னல்களுக்குக் கீழே கோடு இழுப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஜன்னலுக்கு மேலே புருவம் மாதிரி ஒரு வளைந்த இரும்புப் பட்டை இருக்கும், மேலிருந்து வரும் தண்ணீரை அது இரண்டு பக்கமும் தள்ளிவிடும். கோடு விழ வேண்டுமானால் ஜன்னலின் இரு ஓரத்திலிருந்துதான் விழும், நடுவிலிருந்து விழாது. 1/350-இல் இதைக் காட்ட முடியுமா என்றால் முடியாது. ஆகவே ஜன்னலை விட்டுவிடலாம், ஒரு கறுப்புப் புள்ளி போதும்.

முன்பகுதி வேறு கதை. இருபது நாட் வேகத்துக்கு மேல் ஓடக்கூடிய கப்பல், முகப்பில் அலை எப்போதும் மோதிக்கொண்டே இருக்கும். அங்கே கரி தங்காது. பதிலுக்கு உப்பு. கடல்நீர் காய்ந்து காய்ந்து ஒரு வெளிறிய படலம் நிற்கும், கொஞ்சம் வெள்ளை ஆயில் கலரைப் புள்ளிபுள்ளியாக வைத்துக் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்துவிட்டால் வரும். பின்பகுதியில் புகை இறங்கும், அதனால் சாம்பல் நிறம் அங்கே கொஞ்சம் பழுப்பேறி இருக்கும். இப்படி ஒரே சாம்பல் நிறம் முகப்பில் வெளுத்து, நடுவில் கறுத்து, பின்னால் பழுப்பேறி மூன்று விதமாகத் தெரிய வேண்டும். இது வந்துவிட்டால் துரு இல்லாமலே கப்பல் நிஜமாகிவிடும்.

துருவே கூடாதா என்றால், ஒரே ஒரு இடத்தில் அனுமதிக்கிறேன்: நங்கூரச் சங்கிலி வெளியே வரும் துளை. சங்கிலி உராயும் இடத்தில் எந்தப் பெயின்டும் நிற்காது. அங்கேயும் ஆரஞ்சு இல்லை, எரிந்த அம்பர் என்ற அடர்பழுப்பும் கொஞ்சம் எரிந்த சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்து, முக்கால் மில்லிமீட்டர் நீளத்துக்கு மேல் போகாமல்.

நீர்க்கோட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கரிக்கப்பலுக்கு நிலையான நீர்க்கோடே கிடையாது. கரி ஏற்றினால் இறங்கும், எரித்தால் ஏறும். எம்டனின் நீள அகலத்தை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால், ஐந்நூறு டன் கரி எரிந்தால் கப்பல் நாற்பது ஐம்பது சென்டிமீட்டர் மேலே வந்துவிடும், மாடலில் ஒன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. இத்தனை நாள் தண்ணீருக்குள் இருந்து வெப்பக்கடலில் பாசி பிடித்த பட்டை இப்போது வெளியே தெரியும், வெயிலில் காயும், திரும்ப மூழ்கும். ஆகவே செம்பழுப்பின் மேல்விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு, இடத்துக்கு இடம் மாறி, மங்கிய பச்சையும் மண்நிறமும். பளிச்சென்ற பச்சை வேண்டாம், ரா அம்பரில் ஒரு துளி ஆலிவ். மேலே சாம்பலின் கீழ்விளிம்பிலும் எண்ணெயும் கரியும் கலந்த ஒரு கறுப்புக் கோடு, தண்ணீரில் மிதந்த அழுக்கு ஒட்டிக்கொண்டது. கப்பல் தண்ணீரில் நின்றது என்று பார்ப்பவர் நம்புவது இந்த இரண்டு மில்லிமீட்டரில்தான், இதற்கு நான் செலவழித்த பொறுமை மீதிக் கப்பலுக்குச் செலவழித்ததைவிட அதிகம்.

எல்லாம் காய ஆயில் கலருக்கு நாட்கள் பிடிக்கும், தொட்டுப்பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். பிறகு மேட் வார்னிஷ், மெல்லிய இரண்டு பூச்சு. வார்னிஷ் அடித்ததும் பாதி வெதரிங் காணாமல் போனதுபோல் தோன்றும், பயந்து மேலும் கறுப்பு பூசாதீர்கள். ஒரு நாள் விட்டு, பகல் வெளிச்சத்தில், கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். சரியாகத்தான் இருக்கும்.

கடைசியாக நான்காவது புகைபோக்கி. எம்டனுக்கு மூன்றுதான், பிரிட்டிஷ் கப்பல் என்று எண்ணவைக்கத் துணியும் சட்டமுமாக நான்காவதை நிறுத்திக்கொண்டு அக்டோபர் 28 விடிகாலையில் பெனாங் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யாவின் ஷெம்சுக் கப்பலை மூழ்கடித்தது பிரபலமான கதை. எம்டன் மாடல் என்றாலே அந்தப் புகைபோக்கியை வை என்று கேட்பார்கள். வைக்கலாம், துணி நிறத்தில், புகைக்கரி இல்லாமல். ஆனால் அப்போது தேதி மாறிவிடுகிறது. சென்னைக்கும் பெனாங்குக்கும் நடுவில், அக்டோபர் 9-ஆம் தேதி எம்டன் இந்தியப் பெருங்கடலில் உள்ள தியேகோ கார்சியாத் தீவில் நின்றிருந்தது. போர் தொடங்கிய செய்தியே அந்தத் தீவுக்கு இன்னும் எட்டியிருக்கவில்லை, வந்தவர்களை நன்றாக உபசரித்தார்கள். அந்த அவகாசத்தில் ஒரு பக்கத்து அறைகளில் தண்ணீர் நிரப்பிக் கப்பலைச் சாய்த்து, அடிப்பகுதியில் வளர்ந்திருந்ததைச் சுரண்டி எடுத்தார்கள். ஆகவே நான்காவது புகைபோக்கி வேண்டுமென்றால் நீர்க்கோட்டுப் பாசியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செம்பழுப்பைச் சுரண்டிய அடையாளங்களோடு புதிதாகத் தொடங்க வேண்டும். என்னிடம் இருப்பதற்கு மூன்று புகைபோக்கி போதும்.